அந்நிய பாஷையும் ஐந்து வார்த்தைகளும்

போன மாதம் என் மகள் மூன்று நாள் வாலிபர் முகாம் ஒன்றுக்குப் போய்த் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை இரவு சயான் ஸ்டேஷனில் இறங்கி, தாராவியில் எங்கள் வீடு வரை நடந்து வந்த வழியெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்புகையில், செருப்பை மாட்டிக்கொண்டே குனிந்தபடி கேட்டாள்: "அப்பா, எனக்குள்ள பரிசுத்த ஆவி இல்லையா?"

நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். கடைசி நாள் மாலை அபிஷேகக் கூட்டம்; பரிசுத்த ஆவியானவர் தங்கள்மேல் இறங்கும்படி ஜெபிக்கும் கூட்டம். அந்நிய பாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் தான் கற்காத பாஷையில் பேசும் வரம், பெறாத பிள்ளைகளை முன்னே அழைத்து முழங்காலில் நிறுத்தி, "அல்லேலூயா, அல்லேலூயா" என்று விடாமல் வேகமாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நாக்கு தடுமாறத் தொடங்கியதும், "வந்துவிட்டது, நிறுத்தாதே" என்று தலையில் கை வைத்தவர் உற்சாகப்படுத்தியிருக்கிறார். பக்கத்திலிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்க, கடைசியில் மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என் மகள். ஊழியத்தில் இருந்த அக்கா ஒருவர் குனிந்து அவள் காதில், "எந்தப் பாவத்தை அறிக்கை செய்யாமல் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டாராம். பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்ட அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவன். ஜெபப் புத்தகத்தைப் பார்த்து ஆராதனை நடத்தி, சத்தமாக ஒரு "ஆமென்" சொன்னாலே திரும்பிப் பார்க்கும் சபையில் வளர்ந்தவன். என் மனைவியின் குடும்பமோ இங்கே தாராவியில் இரண்டு தலைமுறையாக, ஆவியின் வரங்களை வலியுறுத்தும் பெந்தெகொஸ்தே சபை. ஆகவே இந்த விஷயத்தை இரண்டு பக்கத்துத் திண்ணையிலும் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன் என்பதைத் தவிர, எழுதுவதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால், நீல நிற டிரம்முக்குப் பக்கத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்காருவார். முதலில் தமிழில்தான் ஜெபிப்பார்; பேரப்பிள்ளைகளின் பெயர்கள், ஊரில் இருக்கும் தங்கையின் முழங்கால் வலி, வாடகை பாக்கி எல்லாம் அதில் வரும். சிறிது நேரம் கழித்துத் தமிழ் மெல்ல விலகிப்போய், எனக்கு அர்த்தம் தெரியாத ஓசைகள் தாழ்ந்த குரலில் தொடரும். பத்து நிமிடம் போனால் மறுபடியும் தமிழ், "ஸ்தோத்திரம் ஆண்டவரே," பிறகு எழுந்து குழாயைத் திறப்பார். பத்தொன்பது வருடமாக இதைக் கேட்டு வருகிறேன். இதைப் போலி என்று சொல்ல என் மனம் துணியாது. அவரும் ஒருநாள்கூட என்னிடம், "மாப்பிள்ளை, அபிஷேகம் பெற்றீர்களா?" என்று கேட்டதில்லை.

அந்நிய பாஷைதான் ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம் என்ற போதனை, நம்மில் பலர் நினைப்பதைவிடப் புதியது. 1901 ஜனவரி முதல் நாள் அமெரிக்காவின் டொபீகாவில், சார்ல்ஸ் பர்ஹாம் நடத்திய வேதாகமப் பள்ளியில் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி அந்நிய பாஷை பேசியதிலிருந்து அது உருவெடுத்தது. 1906இல் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர், லாஸ் ஏஞ்சலிஸின் அசூசா தெருவில் நடத்திய கூட்டங்களின் வழியாக அது உலகெங்கும் பரவியது. அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை 1916இல் அதைத் தன் விசுவாச அறிக்கையிலேயே எழுதி வைத்தது. போதனைக்கு வேத ஆதாரம் இல்லாமல் இல்லை. பெந்தெகொஸ்தே நாளிலும், கொர்நேலியு வீட்டிலும், எபேசுவிலும் ஆவியானவர் வந்தபோது பாஷை பேசினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஆனால் பெந்தெகொஸ்தே நாளைச் சொல்லும் அதன் இரண்டாம் அதிகாரத்தில், அன்று சபையில் சேர்ந்த மூவாயிரம் பேரும் பாஷை பேசினார்கள் என்று ஒரு வரியும் இல்லை. "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுல் கொரிந்தியரைக் கேட்ட தொனியிலேயே "இல்லை" என்ற பதில் இருக்கிறது. கொரிந்தியரில் சொல்லப்படுவது சபையில் பயன்படும் வரம், நடபடிகளில் சொல்லப்படுவது முதல் அடையாளம், இரண்டும் வேறு என்று பெந்தெகொஸ்தே போதகர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையின் இரட்சிப்பின் நிச்சயத்தை அதன்மேல் ஏற்றி வைக்கும் அளவுக்கு அது பாரம் தாங்காது.

என் அப்பாவின் பக்கத்துச் சொந்தங்கள் இதைப் படித்துவிட்டு மகிழ வேண்டாம். அந்நிய பாஷை போன்ற ஆவியின் வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு ஓய்ந்துவிட்டன என்ற கட்சியும் எனக்கு ஒப்பவில்லை. ஆதித் திருச்சபையின் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் நான்காம் நூற்றாண்டின் இறுதியில், கொரிந்தியர் நிருபத்தின் இந்தப் பகுதியை விளக்கும்போது, இவை இப்போது நடப்பதில்லையாகையால் புரிந்துகொள்வது கடினம் என்றார். 1918இல் அமெரிக்க இறையியலாளர் வார்ஃபீல்டு, அற்புதங்கள் அப்போஸ்தலரை உறுதிப்படுத்தவே கொடுக்கப்பட்டன, அவர்களோடு முடிந்தன என்று வாதிட்டார். நம்மவர்கள் பெரும்பாலும் "அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்" என்ற வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே வசனத்தின் அடுத்த வார்த்தை, "அறிவானாலும் ஒழிந்துபோம்." அறிவு ஒழிந்துவிட்டது என்று எந்த ஆயரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

அதோடு, நம் ஊர் வரலாறும் அந்தக் கட்சிக்கு இடம் கொடுப்பதில்லை. அசூசா தெருவுக்கு நாற்பத்தாறு வருடங்களுக்கு முன்பே, 1860இல், திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் உபதேசியாரின் சபைகளில் எழுப்புதல், அதாவது பக்தியின் பெரும் விழிப்பு, உண்டாகி, தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் வெளிப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சங்கதி என்று இதை ஒதுக்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மும்பையில் இருக்கிற நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சாட்சி உண்டு. புனேயை அடுத்த கேட்காவில் பண்டித ரமாபாய் ஆதரவற்ற பெண்களுக்காக நடத்திய முக்தி இல்லத்தில் 1905இல் எழுப்புதல் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கிருந்த பெண்களில் சிலர் பாஷை பேசினார்கள். ரமாபாய் அதைத் தடுக்கவில்லை. எல்லார்மேலும் சுமத்தவும் இல்லை. ஆவியின் அபிஷேகத்துக்கு அவசியமான அடையாளம் அன்பே என்று எழுதிய அவர், மற்ற வரங்களைத் தள்ளிவிடக் கூடாது என்றும் எழுதினார். அந்த எழுப்புதலைக் கண்ட அவர்தான் எபிரெயமும் கிரேக்கமும் கற்று, சாதாரணப் பெண்களுக்குப் புரியும் மராத்தியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார். 1922இல் அவர் இறக்கும் வரை அவருடைய உழைப்பு அதில்தான் இருந்தது. புரியாத பாஷைக்கு இடம் கொடுத்த அதே பெண், புரிகிற பாஷைக்காகத் தன் கடைசி வருடங்களைச் செலவிட்டிருக்கிறார். இந்த விவாதத்தில் நான் அதிகமாக நினைத்துப் பார்ப்பது அவரைத்தான்.

பேசப்படுவது உண்மையான மொழிதானா என்ற கேள்வியும் இருக்கிறது. தொடக்கத்தில் பர்ஹாம் அப்படித்தான் நம்பினார்: மிஷனரிகள் படிக்காமலேயே அந்நிய நாட்டு மொழியில் பிரசங்கிப்பார்கள் என்றார். அந்த நம்பிக்கையோடு, தனக்கு வங்காளம் அருளப்பட்டதாக எண்ணிக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த ஆல்ஃபிரட் கார், அங்கே ஒருவருக்கும் அது விளங்காததைக் கண்டார். அதற்காக அவர் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. பாஷை என்பது தேவனிடத்தில் பேசும் ஜெபம் என்று தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். பிற்காலத்தில் வில்லியம் சமாரின் என்ற மொழியியலாளர் பல நாடுகளில் இதை ஆராய்ந்து, இவற்றில் மொழிக்குரிய இலக்கண அமைப்பு இல்லை, பேசுகிறவருக்குப் பழக்கமான ஒலிகளே திரும்பத் திரும்ப வருகின்றன என்று 1972இல் எழுதினார். அவர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். அழுகைக்கும் இலக்கணம் இல்லை. "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் நிருபத்தில் படிக்கிற நமக்கு, டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டியின் ஓசையைத் தராசில் வைக்க வேண்டிய அவசியம் என்ன?

நம் மொழிபெயர்ப்புகளே இதில் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. கிரேக்கத்தில் நாவுக்கும் மொழிக்கும் ஒரே சொல். நம் பழைய மொழிபெயர்ப்பு நடபடிகளில் "வெவ்வேறு பாஷைகள்" என்றும், கொரிந்தியரில் "அந்நியபாஷை" என்றும் எழுதியது. என் கத்தோலிக்க நண்பர் வைத்திருக்கும் திருவிவிலியத்தில் கொரிந்தியர் பகுதியில் "பரவசப் பேச்சு" என்று இருக்கிறது. "அந்நியபாஷை" என்று படித்து வளர்ந்தவன் அதை ஒரு தேசத்தின் மொழி என்று எண்ணுவான். "பரவசப் பேச்சு" என்று படித்தவன் அதை ஜெபநிலை என்று எண்ணுவான். பாதிச் சண்டை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பவுல் இதற்கு வைத்த ஒழுங்கு மிகத் தெளிவானது. சபையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர் பின் ஒருவராகப் பேசட்டும். ஒருவர் அர்த்தம் சொல்லட்டும். அர்த்தம் சொல்கிறவன் இல்லையென்றால் சபையில் பேசாமல் தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசட்டும். என் மாமியார் அதிகாலையில் செய்வது இதுதான். ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கீபோர்டு முழங்க, இருநூறு பேரை ஒரே நேரத்தில் பேச வைக்கும் கூட்டங்களில் அர்த்தம் சொல்கிறவரை நான் பார்த்ததே இல்லை.

இதில் எனக்கு உறுத்தும் வேறொன்றும் உண்டு. மும்பையில் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "கிருபாசனம்," "தேவரீர்," "பரிந்துபேசுகிறவர்" என்று நாம் அள்ளி வீசும் சொற்களில் பாதி அவர்களுக்கு எட்டுவதில்லை. "பாஷையின் கருத்தை நான் அறியாமலிருந்தால், பேசுகிறவனுக்கு அந்நியனாயிருப்பேன்" என்று பவுல் சொன்னது நம் தமிழ்ப் பிரசங்கத்துக்கும் பொருந்துகிறது. அந்நிய பாஷையில் பேசும் பதினாயிரம் வார்த்தைகளைவிட, மற்றவர்களுக்கு உணர்த்தும் ஐந்து வார்த்தைகளை அவர் விரும்பினார். அந்த ஐந்து வார்த்தைகளை அவர்களுக்குப் புரியும்படி சொல்லாமல், முதலில் பதினாயிரத்தைக் கேட்கிறோம்.

அன்று சாயங்காலம் என் மகள் ஆச்சியிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "எனக்கு முப்பத்தோரு வயசுல வந்துச்சு. அதுக்கு முன்னாடியும் அவரு என்கூடத்தான் இருந்தாரு."

அடுத்த முகாம் தீபாவளி விடுமுறையில். என் மகள் போக விரும்புகிறாள், நானும் அனுப்பப் போகிறேன். நடத்துகிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பாஷைக்காக ஜெபிக்க வேண்டாம் என்று அதில் கேட்கவில்லை. எந்தப் பிள்ளைக்கும் வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்துத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டாம். பேசாத பிள்ளையிடம் பாவத்தை விசாரிக்க வேண்டாம். ஜெபம் தொடங்கும் முன் 1 கொரிந்தியர் பன்னிரண்டு முதல் பதினான்கு வரை, தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு இந்தியிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து, முழுவதுமாக வாசியுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒரு போதகர், வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.