திருமயம் வழியாக வாருங்கள்

காரைக்குடிக்கு நாற்கரச் சாலையில் போனால் நேரம் மிச்சம் என்று ஒரு பயணக் கட்டுரையில் படித்தேன். சரி, அவசரக்காரர்கள் போகட்டும். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்கு ஊர் திரும்பும்போது நாங்கள் திருமயம் வழியாக மெதுவாக வண்டியை உருட்டிக்கொண்டுதான் வருவோம். நமணசமுத்திரத்தில் அய்யனார் கோயில் மண்குதிரைகளுக்காக வண்டியை ஓரங்கட்டியே ஆக வேண்டும். கழுத்து மணி, சேணம் எல்லாம் மண்ணிலேயே செய்தது. காது உடைந்து, பாசி பிடித்து, புதருக்குள் சாய்ந்து நிற்கும் பழைய குதிரைகள்தான் எனக்குப் பிடிக்கும். புதுசுக்குப் பெயின்ட் கொஞ்சம் அதிகம். அடுத்து திருமயம். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டையை எல்லோரும் படமெடுக்கிறார்கள். மதிலை ஒட்டிய பைரவர் சன்னதி முன்னால் லாரிக்காரர்கள் இறங்கித் தேங்காய் உடைப்பதையும் கொஞ்சம் நின்று பாருங்கள். கோடையில் வந்தால் வழியில் நுங்கு கிடைக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.