டேப்போட இன்னொரு முனையை யார் பிடிச்சது?

போன மாதம் வீட்டுக்கு பெயின்ட் அடித்தோம். திருச்சியில் இரண்டு பெட்ரூம் பழைய வீடு, உள்பக்கம் மட்டும்தான். பட்டி பார்த்து, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன், பெயின்டும் அவர் பொறுப்பு, சதுர அடிக்கு 28 ரூபாய் என்று காண்ட்ராக்டர் ஆரம்பித்தார். நானும் விடாமல் பேசி 24-க்குக் கொண்டுவந்தேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை! அக்காவுக்கு போன் போட்டு வேறு சொன்னேன்.

வேலை முடிந்து பில் வந்தது. 4,280 சதுர அடி, 1,02,720 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. எப்போது அளந்தீர்கள் என்று கேட்டேன். "நீங்க ஆபீஸ் போயிருந்தப்ப அளந்தாச்சு மேடம், சாருக்குத் தெரியும்" என்றார். சாருக்கு ஒன்றும் தெரியாது, அவர் அப்போது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாராம்.

அன்று ராத்திரியே நானும் மகளும் டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பாத்ரூம் ஒவ்வொன்றும் 8-க்கு 5, சுற்றிலும் 7 அடி உயரத்துக்கு டைல்ஸ். அந்த டைல்ஸையும் பெயின்ட் அடித்த சுவராகக் கணக்கில் சேர்த்திருக்கிறார், இரண்டு பாத்ரூமுக்கும் அதுவே 364 சதுர அடி. பீரோ மாதிரி சுவரோடு பதித்த கபோர்டுகளுக்குப் பின்னால் 98. பிரஷ்ஷே நுழையாத இடம்! சுவர் உயரம் எல்லா அறைக்கும் 10 அடி என்று போட்டிருந்தார். பழைய மொசைக் மேலேயே டைல்ஸ் ஒட்டியதில் தரை ஏறிவிட்டது, சுவரடியில் ஒட்டிய டைல்ஸ் பட்டையை (ஸ்கர்ட்டிங்) விட்டு அளந்தால் 9 அடி 5 அங்குலம்தான். எங்கள் கணக்கில் மொத்தம் 3,460.

ஜன்னலை நான் முழுசாகக் கழித்திருந்தேன். அது என் தப்பு. ஜன்னலைச் சுற்றி உள்ளே மடங்கும் சுவர்ப் பக்கங்களையும் அவர்கள் அடிக்கிறார்கள் இல்லையா. ஐஎஸ் 1200 என்று கட்டட வேலைக்கு அளவு எடுக்கவே ஓர் இந்தியத் தரவிதி இருக்கிறது, ஜன்னல், கதவு மாதிரித் திறப்புகளின் அளவைப் பார்த்துத்தான் கழிக்கச் சொல்கிறது. அதை ஒத்துக்கொண்டேன்.

ஜிஎஸ்டி நம்பர் கேட்டதற்கு "ஆடிட்டர்கிட்ட இருக்கு" என்றார். பதினைந்து எழுத்து, தமிழ்நாட்டில் பதிந்தது என்றால் 33-இல் ஆரம்பிக்கும், பில்லிலேயே இருக்க வேண்டும், பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது என்றேன். அடுத்த பில்லில் அந்த வரியே காணோம். 18,490 ரூபாய், ஒரே கேள்வியில்.

அளவுக்கு மட்டும் மல்லுக்கு நின்றார். "ஆளுங்களுக்குக் கூலி குடுக்கணும் மேடம், நீங்களே இப்படிப் பண்ணா எப்படி?" இந்த இடத்தில்தான் நம்மில் பாதிப் பேர் கூச்சப்பட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். நான், சேர்ந்து அளப்போம் வாங்க, ஒத்துவராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணுகிறேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம்கூடக் கிடையாது என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். போனில் கத்தவில்லை, எழுத்தில் இருக்கட்டும் என்று.

மூன்றாம் நாள் வந்தார். டேப்பின் ஒரு முனை அவர் கையில், இன்னொன்று என் கையில். 3,520-க்கு வந்து நின்றது. 84,480. அட்வான்ஸ் 60,000 போக மீதியை வங்கியில் போட்டுவிட்டு, பில்லிலேயே "கணக்கு முடிந்தது" என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 28 கேட்டவரை 24-க்கு இழுத்தேன். அவருடைய முதல் பில்லை என் அளவால் வகுத்துப் பாருங்கள், ஜிஎஸ்டி இல்லாமலே சதுர அடிக்கு 29 ரூபாய்க்கு மேல் வருகிறது. ரேட்டில் விட்டதை டேப்பில் பிடிக்கிறார்கள், நாமும் ரேட்டைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. எதை அளப்பது, எதைக் கழிப்பது என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதியிருந்தால், 26-க்கே சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

லாஃப்ட் உள்ளே இரண்டாவது கோட் பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றார். இரண்டு ஞாயிறு போய்விட்டது.