பொட்டிப்புரத்தில் விண்கலத்தை மறிக்கும் காந்தமா?

"போடி பக்கம் பொட்டிப்புரம் மலைக்குள்ள 50,000 டன் காந்தம் வைக்கிறாங்க. ஒளியை விட வேகமா வர்ற வேற்றுக்கிரக விண்கலத்தை மறிச்சு இறக்கத்தான்!" மதுரை வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றும் தகவல் இது. எனக்கே மூன்று முறை வந்துவிட்டது.

அது நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். நியூட்ரினோ என்பது எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் மிக நுண்ணிய துகள். எடை சரிதான். ஆனால் அது காந்தமேற்றிய இரும்புத் தகடுகளை அடுக்கிய உணர்கருவி, வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்வதற்கு. இன்னும் கட்டப்படவே இல்லை.

கூடவே வரும் படத்தைப் பாருங்கள்: ஆப்பு வடிவக் கப்பல், மேலும் கீழும் புடைத்த உருண்டைகள். ஸ்டார் வார்ஸ் கதைகளில் வரும் இன்டர்டிக்டர் அது. செயற்கை ஈர்ப்பை உண்டாக்கி, ஹைப்பர்ஸ்பேஸில் (ஒளியை விட வேகமாகப் போக உதவும் கற்பனை வெளி) பறக்கும் கப்பல்களை வெளியே இழுத்துப் போடும். கதைக்கு அருமையான யோசனை. நிஜத்தில் எந்த ஆய்வகத்திலும் கிடையாது.

அதே தகவலில் வரும் "நியூட்ரினோ ஒளியை முந்தும்" என்ற வரி 2011 செய்தியின் மிச்சம். ஐரோப்பாவில் நடந்த ஓபரா என்ற நியூட்ரினோ ஆய்வில் அது ஒளியை சுமார் 60 நானோ விநாடி முந்தியதாகத் தெரிந்தது. அப்புறம் பார்த்தால், சரியாக மாட்டாத ஒரு ஃபைபர் கேபிள்! 2012-ல் வந்த திருத்தம் செர்ன் (ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகம்) இணையதளத்திலேயே இருக்கிறது.

மலை, தண்ணீர் பற்றிய ஊர்க்காரர்களின் கவலை வேறு. அதை இதோடு கலக்க வேண்டாம். தகவல் வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.