எது காத்திருக்கும் என்று யார் சொல்வது?

எதை முதலில் செய்யட்டும் என்று கேட்டால், "எல்லாமே அவசரம்தான், பார்த்து முடிச்சுடுங்க" என்று சொல்லும் மேலாளர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. வரிசையை முடிவு செய்வதற்குத்தானே அவர் அந்த நாற்காலியில் இருக்கிறார்? அந்த முடிவையும் நம் தலையில் கட்டிவிட்டால், அப்புறம் யார் பதவி பெரிதோ, யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ, அவர் கேட்டதுதான் முதலில் நடக்கும்.

நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் லாரே, காயம் எவ்வளவு மோசம் என்று பார்த்தே சிகிச்சை, பதவியைப் பார்த்து இல்லை என்று விதி வைத்திருந்தார். 200 ஆண்டுகளுக்கு முன்பு போர்க்களத்தில் முடிந்தது இன்று ஓர் அலுவலகத்தில் முடியாதா?

"நேரத்தைச் சரியாகத் திட்டமிட்டால் எல்லாவற்றையும் முடிக்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். கணக்கு அப்படி இல்லை. 1961இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் நிரூபித்த எளிய விதி ஒன்று உண்டு. வாரத்துக்கு 5 வேலை முடிக்கும் குழுவின் கையில் எப்போதும் 20 வேலை இருந்தால், ஒரு வேலை முடிய சராசரியாக 4 வாரம் ஆகும். கையில் 40 இருந்தால் 8 வாரம். யாரும் சோம்பேறி ஆகவில்லை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கியதுதான் காரணம். நடைமுறையில் அந்த 5-கூட நிற்காது. பாதியில் விட்டு வந்த வேலையிலேயே மனதின் ஒரு பகுதி தங்கிவிடும் என்று சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நாள் முழுக்கத் தாவிக்கொண்டே இருப்பவருக்கு இதை ஆய்வு வந்து சொல்ல வேண்டியதில்லை.

இதில் அதிகம் அடிபடுவது யாரும் கேட்காத வேலைகள். காப்புப் பிரதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, செய்முறையை எழுதி வைப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்கு உட்கார்ந்து சொல்லித் தருவது. இவற்றுக்காக யாரும் போன் செய்து கத்த மாட்டார்கள். ஒருநாள் எல்லாம் நின்றுபோகும்போது, "ஏன் செய்யவில்லை?" என்ற கேள்வி மட்டும் கீழே இருப்பவரிடம் வரும். இது அநியாயம்.

புது வேலை வந்தால், "சரி, இதை எடுக்கிறேன். கையில் இருப்பதில் எதை நிறுத்தட்டும்?" என்று எழுத்தில் கேளுங்கள். அனுபவமுள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒருவரால் அதைக் கேட்க முடியாது, பயம் இருக்கும். அதனால் மேலாளர்களே வாய்திறந்து சொல்லட்டும்: இந்த வாரம் இவை, அது அடுத்த மாதம். யாருடைய வேலை அடுத்த மாதத்துக்குப் போகிறதோ, அவரிடமும் மேலாளரே போய்ச் சொல்லட்டும்.