காது முனை பொருந்தாத குறையை ஈக்குவலைசர் ஈடு செய்யாது

இயர்போனோடு மாட்டி வரும் நடுத்தர அளவு சிலிக்கோன் முனையே எல்லோருக்கும் போதும், பேஸ் (தாழ்ந்த அதிர்வெண் ஒலி) குறைந்தால் ஈக்குவலைசரில் (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) கூட்டிக்கொள்ளலாம் என்று கூறுவது தவறான வழிகாட்டுதல். முனைக்கும் காதுக்குழாய்க்கும் நடுவே இடைவெளி இருந்தால் முதலில் கசிந்து போவது தாழ்ந்த அதிர்வெண் ஒலிதான் என்பதால், ஈக்குவலைசரில் கூட்டுவதில் பெரும்பகுதி வீணாகும். அளவு மீறிக் கூட்டினால் ஒலியும் சிதையும். பலருக்கு இரு காதுக்குழாய்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே இடதுக்கு ஓர் அளவு, வலதுக்கு வேறோர் அளவு என்று மாட்டுவதில் பிழையேதும் இல்லை. சிலிக்கோன் உறுத்தினால், நசுக்கிச் செருகியபின் விரிந்துகொள்ளும் ஃபோம் முனையைப் பார்க்கலாம் (அது விரைவில் தேயும் என்பது வேறு விஷயம்). பேருந்தில் கேட்பவருக்கு இந்த இறுக்கம் ஒலியளவைக் குறைத்து வைக்க உதவும். சாலையோரம் ஓடுபவருக்கோ வாகன இரைச்சலே கேட்காமல் போகக்கூடும் என்பதால், காதை அடைக்காத வகை இயர்போனே ஏற்றது.