ஸ்பிரிங்கை வெட்டினால் கார் வளைவில் ஒட்டிக்கொண்டு ஓடுமா?

"முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டுங்கள், வளைவில் கார் ஒட்டிக்கொண்டு ஓடும், சில்லுக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட்கூடத் தேவையில்லை" என்று கொழும்பு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது தவறு.

6 சுற்றில் 1 போனால் ஸ்பிரிங் 20 சதவீதம் இறுகும், உண்மை அவ்வளவுதான். பழைய சொக் அப்சோபரால் அந்த இறுக்கத்தை அடக்க முடியாது, கார் துள்ளும். வெட்டிய முனை இருப்பிடத்தில் சரியாக அமராது. சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் நழுவலாம். கார் தாழ்ந்ததும் கெம்பரும் (சில்லு உள்ளே, வெளியே சாயும் கோணம்) டோவும் (சில்லின் முன்பக்கம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும். டோ பிசகினால் டயர் விளிம்பு ரம்பப்பல் போலத் தேயும். உள்விளிம்பைக் கையால் தடவினாலே தெரியும், ஆனால் யார் குனிந்து பார்க்கிறார்கள்?

வளைவில் கார் ஒட்டி ஓட வேண்டுமானால், முதலில் சில்லைப் பிடித்திருக்கும் மூட்டுகளில் ஆட்டமுள்ளவற்றை, அதாவது லோவர் ஆர்ம் புஷ், போல் ஜொயின்ட், டை ரொட் எண்ட் ஆகியவற்றை மாற்றுங்கள், கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். பிறகு கதவுச் சட்ட ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு டயரில் காற்று. அலைன்மென்ட் கடைசியில்தான், சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சான தாளைக் கேட்டு வாங்குங்கள்.