யூனியன்காரருக்குச் சட்டசபையில் என்ன வேலையா?

ஞாயிற்றுக்கிழமை தக்கலைக் கூட்டத்தில் அந்தப் பெரியவர் பேசியதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். "யூனியன்ல கொடி பிடிச்சவனுக்குச் சட்டம் போட என்ன தெரியும்?" அதற்குக் கைதட்டல் வேறு. இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

தொழிற்சங்கத்தில் கொடி பிடித்தவருக்குத்தான் தெரியும். அனூரின் பெவன் 1897இல் வேல்ஸில், டிரெடீகர் என்ற ஊரில் பிறந்தவர். 13 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர், பேச்சு திக்கும். சுரங்கத் தொழிலாளர் சங்கம்தான் பணம் கட்டி லண்டனுக்குப் படிக்க அனுப்பியது. 1925இல் அவருடைய அப்பா, அவரும் சுரங்கத்தில் உழைத்தவர்தான், நுரையீரலில் கரித்தூசி அடைத்து மகன் கையிலேயே உயிரை விட்டார். ஒரு காசு நஷ்டஈடு வரவில்லை, ஏனென்றால் அன்றைய சட்டத்தில் அது தொழிலால் வரும் நோயே இல்லை. அடுத்த வருடம் சங்கத்தில் சம்பள வேலை, 1929இல் நாடாளுமன்றம், 1945இல் சுகாதார அமைச்சர். 1948 ஜூலை 5 முதல் பிரிட்டனில் காசில்லாதவரும் டாக்டரைப் பார்க்கலாம் என்று ஆக்கியது இந்த மனிதர். டிரெடீகரில் தொழிலாளிகள் கூலியில் கொஞ்சம் போட்டுத் தாங்களே டாக்டர் வைத்துக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

என் அம்மா 22 வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், அண்டி உடைத்தார். கறை பட்டுப் பட்டு விரல் ரேகை போய்விட்டது, இன்றும் ரேஷன் கடையில் மிஷின் அம்மாவின் கையை ஏற்காது. வேலையை விட்டபோது "இடையில இடையில லீவு, கிராஜுவிட்டி கிடையாது" என்றார்கள். எட்டாம் வகுப்பு படித்த சங்கத்து அண்ணன்தான் 1972ஆம் வருடக் கிராஜுவிட்டிச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருடத்துக்கு 15 நாள் கூலி என்று கணக்குப் போட்டு, ஒன்றரை வருடம் அலைந்து வாங்கிக் கொடுத்தார். அவருக்கா சட்டம் தெரியாது?

படிப்பு வேண்டாமா என்பீர்கள். வேண்டும், யார் வேண்டாம் என்றது? சங்கத் தலைவர்களிலும் காசு பார்த்தவர்கள் உண்டு என்பீர்கள். உண்டு, சரி. ஆனால் 1951இல் மூக்குக் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் மக்களிடம் காசு வாங்கப் போகிறார்கள் என்றதும் அமைச்சர் பதவியை விட்டுப் போன பெவனும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்தானே.

கைதட்டியவர்களில் இரண்டு பேர் எங்கள் தெரு. அவர்களுடைய அம்மாக்களும் என் அம்மாவோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து அண்டி உடைத்தவர்கள். அந்த அண்ணன் வாங்கிக் கொடுத்த பணத்தில்தான் அதில் ஒரு வீட்டுக்கு வார்ப்புப் போட்டார்கள்.